சேவியர் சாரின் அரை மணி நேரம்

செய்தி வந்தபோது நான் சாயப்பட்டறைக்காரரோடு மேசைப் போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஒப்புக்கொண்ட நிறம் ஒன்று, அவர் சாயம் ஏற்றி அனுப்பிய நிறம் வேறு. நடுவில் செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது. தெரியாத எண். துண்டித்தேன். மறுபடி அடித்தது. எடுத்து, "யாருங்க, என்ன வேணும்?" என்று சிடுசிடுத்தேன். சேவியர் சாரின் மனைவி பேசினார். "சுமதி, சார் போயிட்டாவம்மா. நெஞ்சு வலின்னாவ. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பேசிக்கிட்டுதான் வந்தாவ." எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இதை எழுதும்போதும் அது அடங்கவில்லை.

அவரைத் தெரியாதவர்களுக்காக நாலு வார்த்தை. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். திருப்பூரில் நான் மெர்ச்சண்டைசராக இருக்கும் பனியன் ஏற்றுமதிக் கம்பெனிக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்தவர். மெர்ச்சண்டைசர் என்றால் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கும் எங்கள் தையல் கூடத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற ஆள். சாருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. எங்களுக்கெல்லாம் மெயில் எழுத வரும், பேச வராது. பையர் போன் செய்தால், முதலாளியின் தங்கை மகன் ஊட்டியில் படித்தவன் என்பதால், ஓடிப்போய் அவன் கையில் கொடுத்துவிடுவோம். அவன் எல்லாவற்றுக்கும் 'நோ ப்ராப்ளம்' சொல்லிவிட்டு வைத்துவிடுவான். ப்ராப்ளம் பிறகு எங்கள் தலையில் வந்து விழும்.

முதல் வகுப்பிலேயே அவருக்கும் எங்களுக்கும் முட்டிக்கொண்டது. ஒரு பத்தி வாசித்துக் காட்டிவிட்டு, "புரிஞ்சுதா?" என்று கேட்டார். எல்லோரும் ஒரே குரலில், "புரிஞ்சுதுங்க சார்" என்றோம். "அப்ப சொல்லுங்க, என்ன புரிஞ்சுது?" எல்லோரும் குனிந்து நோட்டைப் புரட்டினோம். எங்கள் ஊர் வழக்கம் அப்படி. சொல்லிக்கொடுக்கிறவர் முகத்துக்கு நேரே புரியவில்லை என்று சொன்னால் அவரைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும். அவர் சாக்பீஸை மேசையில் போட்டார். "நீங்க எல்லாரும் பொய் சொல்லுதீய. அதையும் மரியாதையாச் சொல்லுதீய. இந்த மரியாதையை வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய?" கணக்குப் பிரிவு பழனிச்சாமி அண்ணன், "அதுவும் சரிதானுங்க சார்" என்றார். சேவியர் சார் சிரித்துவிட்டார்.

அதன் பிறகுதான் பாட்காஸ்ட் வந்தது. கம்பெனிக்கு பிராட்பேண்ட் வந்த புதிது, அதுவும் முதலாளி அறையில் மட்டும். முதலாளி சாப்பிடப் போகும் நேரம் பார்த்து சேவியர் சார் உள்ளே போய் உட்கார்ந்து, ஆங்கிலம் கற்பவர்களுக்காக வெளிநாட்டில் யாரோ பேசிப் பதிந்து வைத்த நிகழ்ச்சிகளை கம்ப்யூட்டரில் இறக்கி, சிடியில் போட்டுக்கொண்டு வருவார். "ரேடியோ மாதிரிதான். ஆனா ரேடியோக்காரன் நீ கேட்டாலும் கேக்காட்டாலும் போயிட்டே இருப்பான். இவனை நிறுத்தலாம்" என்றார். வகுப்பு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வேலை நேரத்துக்குள்ளேயே, அரை மணி நேரம். அதை வாங்க அவர் முதலாளியிடம் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

ஓடவிடுவார். திடீரென்று நிறுத்துவார். அதில் பேசுகிற பெண் என்ன சொன்னாள் என்று கேட்கமாட்டார். "எந்த இடத்துல விட்டீங்க?" என்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எங்களுக்குக் கூச்சமாக இல்லை. விட்ட இடம் ஆளுக்கு ஆள் வேறு. எனக்கு வாக்கியத்தின் முதல் பாதி காதில் ஏறாது, பழனிச்சாமி அண்ணனுக்குப் பின்பாதி. விட்ட இடத்துக்குத் திரும்பிப் போவார். மறுபடி, மறுபடி. பொறுமை என்றால் அப்படி ஒரு பொறுமை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கே சில சமயம் எழுந்து ஓடிவிடலாம் போல இருக்கும்.

ஒரு நாள் ஒரு கணவனும் மனைவியும் தங்கள் நாய்க்குப் பல் துலக்கிவிடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார்கள். பழனிச்சாமி அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க சார், இவங்க ஊட்டு நாய்க்குப் பல்லு வெளக்கறத நாம எதுக்குங்க கேக்கோணும்?" சேவியர் சார் சட்டென்று சொன்னார்: "பனியனைப் பத்தி பையர் மெயில்ல எழுதிருவான் அண்ணாச்சி. போன்ல நாயைப் பத்தித்தான் பேசுவான். அங்கதான் நமக்கு நாக்கு ஒட்டிக்கிடுது." உண்மைதான். அவர்கள் நலம் விசாரித்தாலே எங்களுக்கு வியர்த்துவிடும்.

பிறகு அந்த அழைப்பு வந்தது. முதலாளியின் தங்கை மகன் ஊரில் இல்லை. வேறு வழியின்றி நானே எடுத்தேன். பையர் தரப்புப் பெண் மழை, விடுமுறை என்று ஏதேதோ பேசினாள், நானும் ஏதோ பதில் சொன்னேன். பிறகு வேகமாக எதையோ சொன்னாள். பழைய சுமதியாக இருந்தால் 'யெஸ் மேடம்' போட்டுவிட்டு வைத்திருப்பேன். அன்று, "பிரிண்ட் என்று சொன்னீர்கள், அதன் பிறகு விட்டுவிட்டேன், அங்கிருந்து மறுபடி சொல்லுங்கள்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். அவள் கோபப்படவில்லை. நிதானமாகத் திரும்பச் சொன்னாள். குழந்தைகள் சட்டையில் நெஞ்சுப் பக்கப் படம் வேண்டாமாம். எங்கள் கூடத்தில் அடுத்த நாள் காலை அந்தப் படத்தை அச்சடிக்க இருந்தோம். ஓடிப்போய் நிறுத்தினேன். மூச்சிரைக்க வந்து சேவியர் சாரிடம் சொன்னபோது, "நல்லா இருக்கு. ஆனா 'விட்டுவிட்டேன்'ங்கிறதை இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லணும்" என்றார். பாராட்டவே தெரியாத மனிதர்.

அந்தச் சம்பவத்தால் நல்லது நடக்கும் என்று நினைத்தேன். எல்லாம் கெட்டது. முதலாளிக்கு ஒரே குஷி. அரை மணி நேரத்தில் ஆபீஸ் ஆட்களுக்கு இவ்வளவு என்றால், நாள் முழுக்கப் போட்டால் கம்பெனியே இங்கிலீஷ் பேசுமே என்று கணக்குப் போட்டார். தையல் கூடத்தில் காலையிலிருந்து சினிமாப் பாட்டு ஓடும். அது இல்லாமல் மெஷின் ஓடாது. பாட்டின் வேகத்துக்குத்தான் கால் பெடலை மிதிக்கும். முதலாளி பாட்டை நிறுத்திவிட்டு ஒலிபெருக்கியில் பாட்காஸ்டைப் போடச் சொன்னார். "வேண்டாம் சார், இது நிறுத்தி நிறுத்திக் கேக்க வேண்டியது" என்று சேவியர் சார் ஒரே ஒரு முறை சொன்னார். முதலாளி, "அதெல்லாம் காதுல விழுந்தாப் போதுமுங்க சார், தானா ஏறிக்கும்" என்றார்.

தையல் கூடம் கொதித்துப்போயிற்று. மதுரைப் பக்கத்திலிருந்து வந்த டெய்லர் ஒரு அம்மா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து, "பாட்டை நிப்பாட்டிப்புட்டு இந்தப் பொம்பளை காலைலருந்து யாரை வைஞ்சுக்கிட்டுக் கெடக்கா?" என்று கேட்டதில் கூடமே சிரித்தது. ஒடிசாப் பையன்கள் மேலே ஏறி ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கிவிட்டார்கள். அன்று தைத்த பீஸ் எண்ணிக்கை குறைந்தது. பாட்டு திரும்பி வந்தது. இதில் யார் மேல் தப்பு? என்னைக் கேட்டால் விடை எளிது. கம்பெனி கண்டுபிடித்த விடை வேறு. பாட்காஸ்ட் நமக்குச் சரிப்படவில்லை என்றார்கள். கையோடு மதிய வகுப்பையும் நிறுத்தினார்கள்.

நான் முதலாளி அறைக்குப் போய்ச் சண்டை போட்டேன். அவர் சொன்ன பதில் இன்னும் உறுத்துகிறது. "ஏம்மா, உங்க சார்தானே சொன்னாரு, இத எப்ப வேணா எங்க வேணா கேக்கலாம்னு? அப்புறம் வகுப்பு எதுக்கு? சிடி போட்டுக் குடுத்தறலாம், ஊட்டுக்குப் போயிக் கேட்டுக்கங்க." எப்ப வேணாலும் கேட்கலாம் என்றால் எப்போதும் கேட்கமாட்டோம் என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது? ஓவர்டைம் முடித்து வேனில் அவிநாசி போய்ச் சேர்ந்து, உலை வைத்து, பிள்ளைக்கு வீட்டுப்பாடம் பார்த்துவிட்டு, நான் எங்கே உட்கார்ந்து நாய்க்குப் பல் துலக்குவதைக் கேட்பது? ஆளுக்கு ஒரு சிடி வந்தது. என் வீட்டில் அது கொய்யா மரத்தில் கிளி விரட்டத் தொங்குகிறது. இதைப் படிக்கும் கம்பெனிக்காரர்களே, உங்கள் வீட்டில் எங்கே தொங்குகிறது என்று உங்களுக்கே தெரியும்.

சேவியர் சார் ஏன் சண்டை போடவில்லை? அன்றே கேட்டேன். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். "விடும்மா. அவர் கம்பெனி, அவர் நேரம்" என்றார். "உங்க வேலை போவுதுங்க சார்" என்றேன். "வேற எங்கியாவது அரை மணி நேரம் கெடைக்கும்" என்றார். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. எங்களுடைய மரியாதைப் பொய்யை முதல் நாளே கண்டுபிடித்தவர், முதலாளி முன்னால் எங்களைவிட மரியாதையாக நின்றார்.

தாராபுரம் பக்கம் ஒரு கல்லூரியில் பகுதி நேர வேலை கிடைத்தது. தினமும் பஸ். சில மாதங்களுக்கு முன் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். இளைத்திருந்தார். டாக்டரிடம் போனீர்களா என்றால், லீவு கிடைக்கவில்லை என்றார். அங்கேயும் சிடி போதுமே என்கிறார்களாம். டீ குடித்துக்கொண்டே சொன்னார்: "ஓட விடுறதுக்கு ஆள் வேண்டாம் சுமதி. நிறுத்துறதுக்குத்தான் வாத்தியார் வேணும். இதை மொதல்லயே நான் சொல்லியிருக்கணும்." சொல்ல வேண்டியவரிடம் சொல்லியிருக்க வேண்டும் சார் என்று எரிந்து விழுந்தேன். அவர் பஸ் வந்துவிட்டது.

போன வாரம் கம்பெனி கேன்டீனில் இரங்கல் கூட்டம் நடந்தது. நல்ல மனுஷன், அதிர்ந்து பேசமாட்டார் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். முதலாளி, சேவியர் சார் நினைவாக அவர் சேர்த்த பாட்காஸ்ட் எல்லாவற்றையும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டு வைக்கப்போவதாகவும், யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம் என்றும் அறிவித்தார். கை தட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பூ மாலை போட்ட படத்துக்கு முன்னால் கத்தக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று யோசித்துப் பார்க்கிறேன். அவருடைய பொறுமை எனக்கு வராது, வேண்டவும் வேண்டாம். ஆங்கிலம் கொஞ்சம் வந்தது, அது சம்பளத்துக்கு உதவுகிறது. அவர் போடாமல் விட்டுவிட்டுப் போன சண்டை ஒன்று பாக்கி இருக்கிறது. அதை நான் எடுத்துக்கொண்டேன். பழனிச்சாமி அண்ணனும் கூட வருகிறேன் என்றிருக்கிறார். நேற்று முதலாளியைப் பார்க்க வேண்டும் என்று அவருடைய உதவியாளரிடம் சொன்னேன். அந்தப் பெண் டைரியைத் திறந்து வைத்துக்கொண்டு, "எவ்வளவு நேரம் வேணுமுங்கக்கா?" என்று கேட்டாள்.

"அரை மணி நேரம்" என்றேன். "தினமும்."