கொல்லிமலையில் ஒரு பியானோ மேதை

யானுஷ் துரை போலந்துக்காரர். பியானோ மேதை, இசையமைப்பாளர் என்று அவரே சொல்லிக்கொள்வார். சொந்த ஊரில் சீந்துவார் இல்லாமல், கப்பலில் சாப்பிடுகிறவர்களுக்கும் சென்னை ஓட்டலில் குடிக்கிறவர்களுக்கும் வாசித்துவிட்டு, அமைதி தேடிக் கொல்லிமலையில் எங்கள் அரியூர் நாட்டுக்கு வந்து சேர்ந்தார். பியானோவை மலையேற்றியது என் லாரிதான். வந்த மனிதருக்குச் சேவல் கூவினால் ஆகாது, மிக்சி ஓடினால் ஆகாது. வருஷக்கணக்காக இங்கே இருந்தும் உருப்படியாக நாலு வாக்கியம் தமிழ் வராது. ‘மலையின் ஆன்மா என்னோடு பேசுகிறது’ என்று பேட்டி மட்டும் கொடுப்பார்.

அவருக்குச் சமைத்துப் போட்டவள் கலைமணி. அவள் பெயர்கூட அந்த மேதைக்குத் தெரியாது, ‘குக்’ என்பார்.

அவள் புருஷன் செல்வம் மிளகு பறிப்பவன். ஒற்றை மூங்கில் ஏணியில் உயரமாக ஏறிப் பறிக்கிற வேலை. அதனால் தோட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தால், கேட்டவர் யாரானாலும் பதில் குரல் கொடுத்தாக வேண்டும். கொடுக்காதவனை நாங்கள் மனுஷனாகவே மதிப்பதில்லை.

போன மாசியில், துரை வீட்டுக்குக் கீழே பள்ளத்துத் தோட்டத்தில் ஏணி சறுக்கிச் செல்வம் விழுந்தான். அன்று கலைமணி உட்பட நாங்கள் எல்லோரும் சந்தைக்குப் போயிருந்தோம். சாயங்காலம் பார்த்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

“உளுந்ததும் உசுரு போயிருக்குமுங்க. கூப்புடக்கூட நேரம் இருந்திருக்காது” என்று துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள் கலைமணி. அந்த ஒரு நினைப்பில்தான் அவள் தொண்டையில் சோறு இறங்கியது. துரையோ மறுநாளே போலந்துக்கு விமானம் ஏறிவிட்டார். செத்தது யார், எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆடியில் பரிசோடு திரும்பினார். புதுப் படைப்புக்குக் கிடைத்ததாம். என்னையும் கலைமணியையும் உட்காரவைத்து ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினார். பியானோ தன் பாட்டுக்கு டொய்ங் டொய்ங் என்றது. நடுவே பள்ளத்திலிருந்து ஓர் ஆண்குரல், தீனமாக, இழுத்து இழுத்து: “கலைமணீ… யாராச்சும் வாங்களே…”

செல்வத்தின் குரல். துரை கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

“மலை ஆள் பாட்டு. நான் ஜன்னலில் ரெக்கார்டு” என்றார் பூரிப்போடு. தூ, இதுவும் ஒரு காதா!

கலைமணி எழுந்து அவர் எதிரே போய் நின்றாள்.

“ஏனுங்க, எவ்வளவு நேரம் கூப்புட்டாருங்க?”

“ரொம்ப நேரம்” என்றார் மேதை. “நான் நல்லது மட்டும் வெட்டி எடுத்தது.”