குலாப் கானுக்கு மூன்று ஊர்

மலாய் நாட்டில், காஜா பெராங்கில் எனக்குப் பால் ஊற்றுபவர் ஒரு பட்டாணியர். ரப்பர்த் தோட்டத்தில் காவல் இருந்தபோது கற்ற தமிழில் ஓயாமல் பேசுவார். பல தலைமுறையாக இங்கேயே இருந்து தமிழ் மறந்துபோன பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாளோ நெற்றி நிறைய விபூதியோடு, “சுடா மாக்கான்?” என்று மலாயில்தான் சாப்பாடு விசாரிப்பார். ஊரைவிட்டுக் கடல் கடந்து வந்து பத்து வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை.

இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்த கையோடு எல்லாரும் குடியுரிமைக்கு எழுதிப் போடுகிறார்கள். நான் கிராணி, அதாவது குமாஸ்தா என்பதால் மனு நிரப்பும் வேலை என் தலையில். என் மனுவை மட்டும் தொட மனம் வரவில்லை. பால்காரர் குலாப் கானின் மனுவோ திரும்பி வந்துவிட்டது. பழைய காகிதத்தில் ஓர் ஊர், புதியதில் வேறோர் ஊர். மறுபடி பிசகினால் மாடுகளையும் மலாய்க்கார மனைவியையும் விட்டுவிட்டுக் கப்பலேற வேண்டும் என்று யாரோ பயமுறுத்தியிருந்தார்கள்.

“கான், சொந்த ஊரு எது? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க.”

“ஒண்ணு இல்ல லா, கிராணி ஐயா. மூணு.”

எனக்குக் கோபம் வந்தது. சொந்த ஊர் தெரியாத மனிதன் உண்டா? புளுகுகிறார் என்றே நினைத்தேன்.

அவர் சாவகாசமாக விளக்கினார். அவர்கள் யூசுப்சை குலம். முன்னோர்கள் கந்தஹார் பக்கத்திலிருந்து காபூலுக்குப் போய், அங்கே அரசனோடு பகைத்துக்கொண்டு, கடைசியில் சுவாத் பள்ளத்தாக்கைப் பிடித்தார்களாம். நல்ல வயல் ஒரே கூட்டத்தாரிடம் தங்கிவிடக் கூடாதென்று, சில வருடங்களுக்கு ஒருமுறை சீட்டுப் போட்டு நிலத்தை மாற்றிக்கொள்வார்கள். நிலம் மாறினால் வீடும் ஊரும் மாறும். கான் பிறந்தது ஓர் ஊரில், வளர்ந்தது வேறோர் ஊரில், மீசை முளைத்தது மூன்றாவதில்.

“வீட்ட விட்டு வர்றப்ப மனசு கஷ்டமா இருக்காதா?”

“கூட்டிப் பெருக்கிக் குடுத்துட்டு வரணும், ஐயா. அடுத்து வர்றவனும் நம்ம ஆளுதானே.”

பிறந்த ஊரை மனுவில் போட்டு, மற்ற இரண்டுக்கும் ஒரு பக்க விளக்கம் எழுதி இணைத்தேன். போன வாரம் குடியுரிமைக் காகிதம் வந்துவிட்டது. கான் அழுதார், எனக்கும் கண் கலங்கியது.

“உங்க மனு எங்க, ஐயா?” என்று கேட்டார்.

“எனக்கு ஒரே ஊரு கான். அதான் சங்கடம்.”

ஆனாலும் மறுநாள் என் மனுவிலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஊரில் பூட்டிக் கிடக்கும் எங்கள் வீட்டைத் திறந்து, பெருக்கி, குடும்பத்தோடு குடிபோகச் சொல்லித் தம்பிக்குக் கடிதமும் எழுதினேன். எழுதி முடித்து உறையில் பசை தடவப்போகும் சமயம் கை நின்றது. திரும்பப் பிரித்து, அடியில் ஒரு வரி சேர்த்தேன்: வாசலை ஒட்டிய சின்ன அறை மட்டும் பூட்டியே இருக்கட்டும்.