ஆணியில் தொங்கிய எண்ணெய்ச் சட்டி

வறுத்த வேர்க்கடலையும் வெல்லமும் உரலில் ஒன்றாக இடிபடும்போது ஒரு கட்டத்தில் உலக்கையின் சத்தம் மாறும். அதுவரை மொறுமொறுவென்று கேட்டது சட்டென்று அமுங்கி, ஈர மண்ணில் குத்துவதுபோல ஆகிவிடும், கூடவே எண்ணெயும் இனிப்பும் கலந்த ஒரு வாசனை எழுந்து மூக்கைத் துளைக்கும். கடலை தன் எண்ணெயை விட்டுவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் நெய் வேண்டாம், பாகு வேண்டாம், அடுப்பே வேண்டாம். ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்தால் உருண்டை நிற்கும்.

கனடாவில் பதினான்காவது மாடியில் குடியிருக்கும் எனக்குப் பண்டிகை என்றால் இந்த உருண்டைதான். வந்த முதல் வருஷம் தீபாவளிக்கு முறுக்குப் பிழிந்தேன். எண்ணெய்ப் புகைக்குக் கூரையில் இருந்த கருவி அலறி, கட்டடமே படியிறங்கிக் குளிரில் போய் நின்றது. தீயணைப்பு வண்டியில் வந்த ஒரு ஆள் என் முறுக்கு அச்சைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றோடு எண்ணெய்க்குக் கும்பிடு போட்டுவிட்டேன். இப்போது உரலுக்குப் பதில் மிக்சி. இங்கே இருக்கும் நம் பெண்கள் பக்குவம் கேட்டால் சொல்கிறேன். "இவ்ளோ ஈஸியா ஆன்ட்டி?" என்று அவர்கள் கேட்கும்போது மட்டும் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். பிடிப்பது சுலபம்தான். என் அம்மா இதை முதன்முதலில் பிடித்த வருஷம், அதைக் கொண்டுபோய் நாலு பேர் கையில் கொடுப்பதற்குள் எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அறுபதுகளின் நடுப்பகுதி, கோலார் தங்கவயல். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஒரு பகல் 'ஷிப்ட்'டில் பாறை சரிந்து அவரும் கூட இருந்த இன்னொருவரும் போய்விட்டார்கள். எனக்குப் பத்து வயது, தம்பி குமாருக்கு ஐந்து. குடியாத்தத்திலிருந்து மாமாக்கள் வந்து, கன்னடச் சீமையில் இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு ஒண்டியாக என்ன செய்வாய், ஊரோடு வந்துவிடு என்றார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதுதான் எனக்கு ஊர், ரவிக்கை தைத்தாவது பிழைத்துக்கொள்வேன் என்று அம்மா அவர்களை அடுத்த ரயிலுக்கே அனுப்பிவைத்தாள். சுரங்கத்து 'லைன்' வீட்டை விட்டு ஆண்டர்சன்பேட்டையில் ஒரு வரிசை வீட்டுக்குக் குடிபோனோம். எட்டு வீடுகள், ஒரு குழாய், முற்றத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கல் உரல்.

மாமாக்களை அனுப்ப முடிந்த அம்மாவால் அத்தையை அனுப்ப முடியவில்லை. அத்தை என்றால் அப்பாவின் சொந்த அக்கா, மாரிகுப்பத்தில் இருந்தாள். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள் என்பதால் அவள் சொல்லுக்கு எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. கருமாதி முடிந்த அன்று அவளே எங்கள் எண்ணெய்ச் சட்டியைத் தேய்த்துக் கழுவி, பழைய செய்தித்தாளில் சுற்றி, சுவரில் ஓர் ஆணி அடித்து அதில் மாட்டினாள்.

"வருசம் திரும்பற வரிக்கும் இந்த வூட்ல எண்ணெச் சட்டி வெக்கக் கூடாது, தனம்," என்றாள் அம்மாவிடம்.

'துக்க வருஷம்' என்பது அப்படித்தான். சோறு பொங்கலாம், குழம்பு வைக்கலாம். பண்டிகைப் பலகாரம் மட்டும் சுடக்கூடாது. அக்கம்பக்கத்தார் தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். மற்ற வீடுகளில் என்றால் வந்த தட்டை வெறுமனே திருப்பமாட்டோம், நம் பலகாரம் நாலு வைத்துத்தான் கொடுப்போம். துக்க வீட்டிலிருந்து தட்டு வெறுமனேதான் போகவேண்டும். அங்கிருந்து எதுவும் வெளியே வரக்கூடாது, வந்தாலும் யாரும் தொடமாட்டார்கள். கெட்ட எண்ணத்தில் உண்டான வழக்கம் என்று நான் சொல்லமாட்டேன். அழுதுகொண்டிருப்பவளை அடுப்படியில் வாட்டவேண்டாம் என்று எந்தக் காலத்திலோ யாரோ நல்ல மனதோடு நினைத்திருக்கலாம். எங்களிடம் வந்து சேர்ந்தபோது அந்த நல்ல மனதில் பாதிதான் மிச்சமிருந்தது.

ஆயுத பூஜை அன்று எதிர்வீட்டு முனியம்மா குமாரைக் கூப்பிட்டு ஒரு வடை கொடுத்தாள். தின்றுவிட்டு இன்னொன்று கேட்டான். ஐந்து வயதுப் பிள்ளை வேறென்ன செய்யும்? அவள் கொடுக்கவும் செய்தாள். மறுநாள் குழாயடியில், அப்பன் இல்லாத புள்ள, வடையைக் கண்டா எப்படிப் பறக்குது பாரு என்று அதையே கதையாகச் சொல்லிச் சிரித்தாள். குடத்தோடு வரிசையில் அம்மாவும் நின்றிருந்தாள். தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்து குடத்தை இறக்கி வைத்தவள், ஆணியில் தொங்கிய அந்தச் செய்தித்தாள் பொட்டலத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது.

தீபாவளிக்கு முந்தின நாள், தைத்த ரவிக்கைகளைக் கொடுக்க ராபர்ட்சன்பேட்டைக்குப் போனவள் மணலில் வறுத்த வேர்க்கடலையும் ஒரு வட்டு வெல்லமும் வாங்கிவந்தாள். இரண்டையும் முற்றத்து உரலில் கொட்டி, பட்டப்பகலில், எட்டு வீடும் பார்க்க, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இடிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு தலை எட்டிப் பார்த்தது. முனியம்மா தண்ணீர் பிடிக்கிற சாக்கில் கிட்டே வந்து மூக்கை உறிஞ்சினாள். எண்ணெய் காய்கிற வாசனை எங்கள் வீட்டிலிருந்து வந்தால் அல்லவா அவள் ஏதாவது சொல்லமுடியும்? சொல்ல எதுவும் கிடைக்காமல் காலிக் குடத்தோடு திரும்பிப் போனாள். நானும் குமாரும் அன்று கை வலிக்க வலிக்க உருண்டை பிடித்தோம்.

மறுநாள் காலை தட்டுகள் வர ஆரம்பித்தன. அதிரசம், முறுக்கு, ஒரு வீட்டிலிருந்து சோமாசி. அம்மா எல்லாவற்றையும் மரியாதையாக வாங்கி வேறு ஏனத்தில் மாற்றிவிட்டு, காலியான தட்டு ஒவ்வொன்றிலும் நாலு உருண்டை வைத்து என்னிடம் கொடுத்தாள். நான் தட்டோடு வாசற்படியிலேயே நின்றேன். வழக்கம் என்னவென்று எனக்கும் தெரியும். "போய்க் குடுத்துட்டு வா. தலயக் குனியாதே," என்றாள்.

முனியம்மா தட்டைத் தொடவில்லை. உருண்டைகளை நானே எடுத்துக்கொண்டு, தட்டை மட்டும் கீழே வைத்துவிட்டுப் போகச் சொன்னாள். அடுத்த வீட்டில் கதவைப் பாதி திறந்தார்கள், என் கையைப் பார்த்தார்கள், அப்புறம் வாங்கிக்கொள்கிறோம் என்று சாத்திக்கொண்டார்கள். பாவாடை மடியில் நாலும் தட்டில் நாலுமாக எட்டு உருண்டைகளோடு முற்றத்தின் நடுவில் நின்று நான் அழுதேன். அவமானம் என்ற சொல்லுக்கு நான் பொருள் கற்றுக்கொண்டது அந்த இடத்தில்தான்.

அத்தை அப்போதுதான் மாரிகுப்பத்திலிருந்து எங்களுக்கான பலகாரத் தூக்கோடு வந்து சேர்ந்தாள். என் கோலத்தையும், என்னைத் திரும்பி வரச்சொல்லாமல் வாசலில் நின்ற அம்மாவையும் பார்த்தாள். விஷயம் புரிய அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, என் தம்பி போய் ஆறு மாசம் ஆகலை, அதுக்குள்ள உனக்குப் பண்டிகை கேக்குதா என்று ஆரம்பித்தாள். அவள் பேசி முடித்த பிறகு அம்மா சுவரைக் காட்டினாள்.

"சட்டி நீங்க மாட்டின ஆணியிலதான் கீது, அண்ணி. நான் தொடல."

அத்தை சுவரைப் பார்த்தாள். செய்தித்தாள்கூடக் கலையவில்லை. அம்மா குமாரை இழுத்துத் தன் முன்னால் நிறுத்திக்கொண்டாள்.

"அவரு போய்ட்டாரு. நாங்க இன்னும் உசிரோடதான் கீறோம். வாங்கித் துன்றதுக்கு மட்டும் இந்தக் கை நீளணும், குடுக்கறதுக்கு நீளக் கூடாதுன்னா, என் புள்ளைங்க அப்படி வளரத் தேவையில்ல."

அம்மா அத்தையிடம் குரலை உயர்த்தாமல் பேசிய அந்த மூன்று வாக்கியங்களுக்காக நான் இன்றும் அவளைக் கையெடுத்துக் கும்பிடுவேன். அத்தை சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்துவிட்டாள். பிறகு என் மடியிலிருந்து ஓர் உருண்டையை எடுத்துக் கடித்தாள். மென்றுகொண்டே அழுதாள், அழுதுகொண்டே விழுங்கினாள்.

"வெல்லம் கம்மியா கீது," என்றாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள், அம்மாவிடம் பெரிய தட்டு ஒன்று கேட்டு வாங்கி, இருந்த உருண்டைகளை எல்லாம் அதில் அடுக்கி, என் கையைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள். முதலில் முனியம்மா வீடு. "என் தம்பி வூட்டுப் பலகாரம். எடுத்துக்கோம்மா," என்றாள். செத்தவனோடு கூடப் பிறந்தவள், தன் கையால் நீட்டுகிறாள். அதற்குமேல் துக்கத்தைக் காட்டி மறுக்க யாருக்கு என்ன பாத்தியதை இருக்கிறது? முனியம்மா எடுத்துக்கொண்டாள். கதவைச் சாத்தியவர்கள் திறந்தார்கள். கடைசி வீட்டுக்குப் போனபோது தட்டில் ஓர் உருண்டைதான் மிச்சம். அவர்கள் அதை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிட்டுத் தின்றார்கள். அடுத்த தீபாவளிக்கு வருஷம் திரும்பி, அத்தையே வந்து சட்டியை ஆணியிலிருந்து இறக்கி, எங்களுக்கு அதிரசம் சுட்டுக்கொடுத்தாள்.

அம்மா இல்லை, அத்தை இல்லை. சுரங்கத்தை மூடிவிட்டார்கள், ஷிப்டுக்கு ஊதுகிற 'சங்கு' ஓய்ந்து வெகுகாலமாகிறது. கடைசியாகப் போனபோது எங்கள் வரிசை வீடுகள் இருந்த இடத்தில் சிமெண்டு மூட்டை அடுக்கிய ஒரு கிடங்கு நின்றது. குமார் பெங்களூரில் இருக்கிறான், அவனுக்கு அந்த வடை நினைவில் இல்லையாம். நல்லது, இல்லாமலே போகட்டும்.

போன ஆவணியில் என் கணவர் தவறிவிட்டார். சென்னையிலிருந்து அவருடைய உறவினர்கள் போனில் கூப்பிட்டு, இந்த வருஷம் பண்டிகை இல்லை, ஞாபகம் இருக்கட்டும் என்றார்கள். இருக்கிறது என்றேன். தீபாவளியன்று காலையில் கடலையும் வெல்லமும் மிக்சியில் அடித்து, தட்டு நிறைய உருண்டை பிடித்து, ஒன்பதாவது மாடிக்குப் போய் மணியை அழுத்தினேன். கதவைத் திறந்தது நம் திருநெல்வேலிப் பெண். இந்தக் கட்டடத்தில் என் துக்கத்துக்கு முதலில் வந்து உட்கார்ந்தவள் அவள்தான். தட்டைப் பார்த்தாள், என் வெறும் நெற்றியைப் பார்த்தாள். "ஆன்ட்டி, உங்களுக்கு இந்த வருஷம்..." என்று இழுத்தாள்.

எனக்காகப் பேச அங்கே யாரும் இல்லை. "தெரியும்மா. தெரிஞ்சுதான் கொண்டுவந்தேன்," என்று சொல்லிவிட்டுத் தட்டை நீட்டியபடியே நின்றேன். அவள் எடுக்கிறவரைக்கும் நான் அங்கிருந்து நகர்வதாக இல்லை.