உத்தரவாதப் பட்டியலில் நாய் இல்லை

எங்கள் குடும்பத்தில் எதையும் வாசித்துப் பார்த்துவிட்டுச் செய்கிற ஆள் என் மதினி. செய்துவிட்டு அப்புறம் சண்டை போடுகிற ஆள் நான். மதினி என்றால் என் அண்ணன் மனைவி. மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளியிடம் கையெழுத்து வாங்கும் தாளை வரிவரியாக வாசித்துச் சொல்வது அங்கே அவளுடைய வேலை. ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஷாம்பு பாக்கெட்டின் பின்பக்கத்தைக்கூட விடமாட்டாள். பக்கத்தில் நிற்கிற எனக்குப் பொறுமை போய்விடும்.

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் கடியப்பட்டணத்தில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி தொடங்கினோம். ஒரே ஊர், இரண்டு தெரு தள்ளி இரண்டு வீடு. வீட்டுக்கு ஒரு தையல் மெஷின், வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர். டிசைன் வரைகிற சாஃப்ட்வேர் மட்டும் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒன்று வாங்கினோம். அதோடு விரல் அளவுக்கு ஒரு டாங்கிள் வந்தது. கம்ப்யூட்டரில் அதைச் செருகினால்தான் சாஃப்ட்வேர் திறக்கும், உருவினால் மூடிக்கொள்ளும்.

முதல் நாள் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது திரை நிறைய நிபந்தனைகள் வந்தன. மதினி நாற்காலியை இழுத்துப் போட்டு வாசிக்கத் தொடங்கினாள். இந்த சாஃப்ட்வேர் உங்களுக்கு விற்கப்படவில்லை, பயன்படுத்த உரிமம் மட்டுமே தரப்படுகிறது. இருக்கிறபடியே தரப்படுகிறது, எந்தக் குறிப்பிட்ட வேலைக்கும் பொருந்தும் என்று நாங்கள் உறுதி சொல்லவில்லை. இதனால் உங்களுக்கு என்ன நஷ்டம் வந்தாலும் நீங்கள் கொடுத்த விலைக்கு மேல் எங்களுக்குப் பொறுப்பில்லை. நான் கொட்டாவி விட்டேன். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இவ்வளவு பிடி கொடுக்காமல் பேசமாட்டார்கள். அந்த நேரம் பார்த்து வளைகுடாவிலிருந்து அண்ணன் போன் வந்தது. அவன் இன்னும் அங்கே மீன்பிடிப் படகில்தான் இருக்கிறான். மதினி போனைக் காதில் வைத்துக்கொண்டே ஜன்னல் பக்கம் போனாள். "அமுக்கட்டா மதினி?" என்று கேட்டேன். "ம்" என்றாள். அமுக்கிவிட்டேன்.

அந்த 'ம்' அண்ணனுக்குச் சொன்னதாம். சம்மதம் என்று அமுக்கியது நானா அவளா என்பதில் எங்களுக்குள் இன்றைக்கும் வழக்கு உண்டு. ஆனால் அவள் வாசிக்காமல் விட்ட அடுத்த பக்கத்தில்தான் விஷயம் இருந்தது. சாஃப்ட்வேர் ஒரு நேரத்தில் ஒரு கம்ப்யூட்டரில்தான் திறக்கும். அது போதாது என்றால், சம்மதம் கொடுப்பதற்கு முன் பெட்டியைத் திருப்பிக் கொடுத்து, இரண்டு கம்ப்யூட்டருக்கு ஆனதை வாங்கிக்கொள்ளலாம். சம்மதம் கொடுத்த பிறகு திருப்ப முடியாது. பிறகு அதை வாசித்ததும் மதினிக்கு முகம் சிவந்துவிட்டது. "கூறு கெட்டவளே, ஒரு நிமிஷம் பொறுக்கப்படாதா?" என்று என் மாமியார் முன்னால் வைத்துச் சொன்னாள். அது எனக்குத் தாங்கவில்லை. "வாசிச்சு வாசிச்சு நீங்க என்னத்தக் கிழிச்சிய?" என்று நானும் கேட்டேன். அன்றோடு பேச்சு நின்றது.

பேச்சு நின்றாலும் வேலை நிற்கக் கூடாதே. ஒருநாள் விட்டு ஒருநாள் டாங்கிள் ஆளுக்கொரு வீட்டில் இருக்கும் என்று ஏற்பாடு. கொண்டு போய்க் கொடுக்க எனக்கு ரோஷம், வந்து வாங்க அவளுக்கு ரோஷம். ஆகவே இரண்டு தெருவுக்கும் மீன் கொண்டு வருகிற அக்காவிடம் பொறுப்பு போயிற்று. கூடையோடு வரும்போது அங்கேயிருந்து இங்கே. வெறுங்கூடையோடு திரும்பும்போது இங்கேயிருந்து அங்கே. அந்த அக்கா அதைச் 'சாதனம்' என்றுதான் சொல்வாள். "மக்களே, உனக்க சாதனம் இந்தா, அயிலை வேணுமா?" என்று ஒரே மூச்சில் கேட்பாள். பிளாஸ்டிக் கவரில் சுற்றித்தான் வரும். இருந்தாலும் போகப்போக எங்கள் கம்ப்யூட்டரைத் திறந்தாலே அயிலை மணக்கும். நாங்கள் கடற்கரைக்காரர்கள், அந்த மணம் எங்களுக்கு உறைக்கவேயில்லை.

இப்படி இருக்கும்போது புதுநன்மை வந்தது. பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். எங்கள் ஊரில் அது பாதிக் கல்யாணம். பெண்பிள்ளைகள் எல்லாருக்கும் வெள்ளை ஃப்ராக், நெஞ்சில் இரசப்பாத்திரமும் கோதுமைக் கதிரும். பங்குக் கோயிலில் எல்லாருக்கும் ஒரே டிசைன் என்று முடிவுசெய்து, பாதி ஃப்ராக் மதினிக்கும் பாதி எனக்கும் தந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி என் அண்ணன் மகள், எனக்கு மருமகள்.

அவளுடைய புதுநன்மை ஃப்ராக்கை நான்தான் செய்வேன் என்று அவள் நடை பழகும்போதே வாக்குக் கொடுத்திருந்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. ஃப்ராக்கின் அடி ஓரத்தில், உள்பக்கமாக, சின்னதாக ஒரு வள்ளம், அதாவது மீன்பிடிப் படகு. அவள் அப்பாவுக்குப் புதுநன்மை ஞாயிற்றுக்கிழமைக்கு லீவு கிடைக்கவில்லை. "அப்பா வரலேன்னா வள்ளமாவது வரட்டு மாமி" என்றாள். வள்ளம் வரைய எனக்குத் தெரியும். மதினிக்கு மெஷினில் நூல் இழுவிசை பிடிபடும் அளவுக்குக் கோடு பிடிபடாது. அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் மீன்காரி அக்காவிடம் சொல்லி அனுப்பினாள்: "மோளுக்க ஃப்ராக்க நான் பாத்துக்கிடுதேன்." கேட்டதும் எனக்கு ஆத்திரமும் வெப்ராளமும் தாங்கவில்லை. அன்றைக்கு ராச்சோறு இறங்கவில்லை.

மறுநாள் ஞானஉபதேச வகுப்பு முடிந்து வரும்போது கோயில் மதிலருகே மருமகள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "மாமி, வள்ளம் உண்டுமா?" என்றாள். "உண்டு மக்கா" என்றேன். என்ன தைரியத்தில் சொன்னேனோ. டாங்கிள் அடுத்து என் கைக்கு வரும்போது வள்ளத்தை வரைந்து, அதை எப்படியாவது அந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று மனதுக்குள் திட்டம். அது கைக்கு வரவேண்டிய காலையில்தான் நாய் வந்தது.

அக்கா கூடையை என் வாசற்படியில் இறக்கினாள். கவரை எடுத்துப் படியில் வைத்துவிட்டு எனக்குச் சாளை எண்ணிப் போட்டாள். அவள் பின்னாலேயே தெருத்தெருவாக வருகிற ஒரு செம்பட்டை நாய், இத்தனை நாள் மணத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது, அன்றைக்குக் கவரையே பிடித்தது. கறுக்கென்று ஒரு சத்தம். நான் நைட்டியோடு விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சவத்து நாய் கடற்கரைக்கு ஓடியது. மணலில் நின்று, கடித்து, துப்பி, தோண்டி, என்னைப் பார்த்ததும் மறுபடி ஓடியது. நான் போய்ச் சேரும்போது என் கையில் கிடைத்தது கவரும் பாதி மூடியும்தான்.

அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். டாங்கிள் இல்லையென்றால் சாஃப்ட்வேர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஃப்ராக்குகள் இல்லை. வள்ளம் இல்லவே இல்லை. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் என்னவென்று கேட்டார்கள். கையிலிருந்த கவரைக் காட்டி அழுதேன். மீன்காரி அக்கா அதற்குள் திரும்பி மதினி தெருவுக்குப் போய்ச் சொல்லிவிட்டாள் போல. கொஞ்ச நேரத்தில் மதினி வேகுவேகென்று நடந்து வந்தாள். திட்டப்போகிறாள் என்று நான் எழுந்து நின்று தயாரானேன். அத்தனை மாதம் கழித்து அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்.

"ஏட்டி, துண்டு எங்க?"

"என்ன துண்டு?"

"ஒடைஞ்ச துண்டு. நம்பர் போட்ட பக்கம்."

"அது எதுக்கு மதினி, எல்லாம் போச்சு."

"போகல்ல. தொலைஞ்சா தொலைஞ்சதுதான், முழுசா புதுசு வாங்கணும். ஒடைஞ்சா அப்படியில்ல. ஒடைஞ்சதத் திருப்பிக் குடுத்தா வேற ஒண்ணு தருவான். உத்தரவாதத்துல போட்டிருக்கு. நம்பர் தெரியணும், அவ்வளவுதான். தோண்டு."

தோண்டினோம். மதினி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முட்டி போட்டுத் தோண்டினாள். புதுநன்மைப் பிள்ளைகளின் அம்மாக்களுக்குச் செய்தி போய், அவர்களும் கரண்டியும் சல்லடையுமாக வந்துவிட்டார்கள். வலை பின்னுகிறவர்கள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் அவர்களும் வந்து மணலை அரித்தார்கள். மணலிலிருந்து பித்தான் வந்தது, தூண்டில் முள் வந்தது, யாருடைய செட்டுப் பல்லோ வந்தது. நாய் தூரத்தில் உட்கார்ந்து, அத்தனை பேரும் தனக்காகத்தான் வந்திருக்கிறார்கள் என்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் நம்பர் போட்ட துண்டு மதினி சல்லடையில்தான் விழுந்தது. "கிட்டிச்சு" என்றாள். அவள் அதை எடுத்து உயர்த்திக் காட்டியபோது எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. ஆனால் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

கம்பெனிக்கு மதினியே போன் போட்டாள். அந்தப் பக்கம் ஒரு பெண். எப்படி உடைந்தது என்று கேட்டாள். மதினி போனை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"என்ன சொல்ல?"

"கீழ விழுந்துட்டுன்னு சொல்லுங்க."

"பல்லு அச்சு தெரியுதேட்டி." போனில், நடந்ததை உள்ளபடி சொல்லிவிட்டாள். "நாய் கடிச்சிட்டு மேடம்."

அந்தப் பெண் அதை டைப் அடிக்கிற சத்தம் கேட்டது. "நாய் ஏன் மேடம் கடிச்சது?" என்றாள்.

"மீன் மணம்."

"ஒரு நிமிஷம் மேடம்" என்றாள். பிறகு யாரிடமோ கேட்கப் போனாள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே போனில் காதை வைத்துக்கொண்டு நின்றோம். மதினி விடவில்லை, அந்தப் பெண் திரும்பி வந்ததும் அவளே முந்திக்கொண்டாள். "உங்க பட்டியல நான் வாசிச்சிருக்கேன் மேடம். தீ, வெள்ளம், மின்னல், மின்சாரக் கோளாறு, பிரிச்சு மேஞ்சது, இதுக்கெல்லாம் உத்தரவாதம் இல்லேன்னு போட்டிருக்கிய. நாய் அதுல இல்ல." அந்தப் பக்கம் அடக்கி வைத்திருந்த சிரிப்பு வெடித்துவிட்டது. "இல்லதான் மேடம்" என்றாள் அந்தப் பெண். துண்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாள். நம்பர் சரியாக இருந்தால், புது டாங்கிள் வரும்வரை ஒரு கம்ப்யூட்டரில் அது இல்லாமலே வேலை செய்ய ஒரு குறி எண் தருவதாகச் சொன்னாள். தந்தும்விட்டாள்.

மதினி வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்த எண்ணைப் போட்டோம். பழையபடி நிபந்தனைகள் வந்து நின்றன. என் விரல் தானாக மவுஸுக்குப் போயிற்று. மதினி என் கையைத் தட்டிவிட்டாள்.

"இன்னைக்கு நீ வாசி. சத்தமா வாசி."

வாசித்தேன். தலைவிதியே என்று ஒரு வரி விடாமல் வாசித்தேன். விற்கப்படவில்லை, இருக்கிறபடியே, பொறுப்பில்லை, எல்லாம் வந்தது. ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் என்ற வரியும் வந்தது. அதற்கு அடுத்த வரியில் நின்றுவிட்டேன். இதில் வரைகிற டிசைன்கள் உங்களுடையவை, எத்தனை மெஷினில் வேண்டுமானாலும் தைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. அப்படியானால் ஒரே கம்ப்யூட்டர் முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்து வரைந்து, பென் டிரைவில் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு போனால் போதும். டாங்கிள் தெருவைப் பார்த்திருக்கவே வேண்டாம்.

"மதினி, இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பமிருந்து?"

"நீ அமுக்குனதுக்கு மறுநாளே மீதியையும் வாசிச்சிட்டேன்லா."

"பின்ன ஏன் சொல்லல்ல?"

மதினி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சாதனத்தக் கொண்டு தர நீ வருவ, அப்பம் சொல்லலாம்னு இருந்தேன். நீ மீன்கூடையில போட்டு விட்ட. செரி, அதுவாவது வரட்டும்னு விட்டுட்டேன். அதுவும் நின்னா, உன் வீட்டுலேருந்து எனக்கு ஒண்ணுமே வராதுல்லா."

சாளை மணம் அடித்த அந்தக் கவரை அவள் எப்படிப் பிரித்திருப்பாள் என்று நினைத்துப் பார்த்தேன். "பின்ன மோளுக்க ஃப்ராக்க நீங்க பாத்துக்கிடுவியன்னு ஏன் சொன்னிய?" என்று கேட்டேன். "சண்டைக்காவது நீ வருவன்னு நெனச்சேன்" என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துச் சம்மதத்தை அமுக்கினோம். யார் அமுக்கியது என்று இந்தத் தடவையும் சரியாகத் தெரியாது.

வள்ளத்தை நான் வரைந்தேன். முன்முனையான அணியத்தைக் கொஞ்சம் தூக்கி, தண்ணீருக்கு ஒரே ஒரு கோடு. மதினி தைத்தாள். நூல் ஒரு இடத்தில்கூடச் சுருங்கவில்லை. மற்ற ஃப்ராக்குகள் இரண்டு வீட்டு மெஷினிலும் ஓடி முடிந்தன. புது டாங்கிள் கூரியரில் வந்தபோது மதினி அதைத் தன் கம்ப்யூட்டரில் செருகினாள். அன்றிலிருந்து அது அங்கேயே இருக்கிறது, நான்தான் போய் வருகிறேன். மீன்காரி அக்காவுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நானும் மதினியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். அண்ணன் வீடியோ காலில் இருந்தான், மதினி போனைப் பீடத்துக்கு நேராகப் பிடித்திருந்தாள். வெள்ளை ஃப்ராக்குகள் வரிசையாகப் போய் நன்மை வாங்கித் திரும்பின. மருமகள் கையைக் கூப்பிக்கொண்டு, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, சொல்லிக் கொடுத்தபடியே வந்தாள். எங்கள் பெஞ்சுக்கு நேராக வந்ததும் ஒரு கையை மட்டும் பிரித்து, ஃப்ராக்கின் ஓரத்தை இரண்டு விரலால் போன் பக்கமாகத் திருப்பிக் காட்டிவிட்டுப் போனாள்.

"என்னதுட்டி அது, வள்ளமா?" என்று அண்ணன் போனுக்குள்ளிருந்து கோயிலே கேட்கும்படி கேட்டான். மதினி போனைப் பட்டென்று மடியில் கவிழ்த்தாள். முன்வரிசையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு அழுதேன்.

"அழாதட்டி" என்று மதினி என் தொடையில் கிள்ளினாள். "போட்டோக்காரன் படம் எடுக்கான்."

அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.