இறங்காத சி.ஆர்.பி.

பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ஹாரன். வண்டியின் ஹாரன் கெட்டுப்போய் வெகுநாளாயிற்று. அதற்கும் சேர்த்து இவளே கத்துவாள். அழுதுகொண்டு ஏறும் பொடிசுகளை, "மூஞ்சியப் பாரு, பிழிஞ்ச எலுமிச்சங்கா மாதிரி" என்று திட்டிக்கொண்டே முன்சீட்டில் உட்காரவைப்பாள்.

அவளுடைய அப்பாவுக்குக் கல்லீரல் போய்விட்டது. மஞ்சள் கண், பானை வயிறு. தன் கல்லீரலில் ஒரு பங்கை வெட்டிக் கொடுக்க எல்லாச் சோதனையும் முடித்துத் தயாராக நின்றாள் ஹாரன். டாக்டரம்மாதான் நாள் குறிக்கவில்லை.

"மஞ்சளப் பாத்து நான் பயப்படலம்மா. இந்த சி.ஆர்.பி.தான் பயம். உடம்புல எங்கயாவது அழற்சி இருந்தா ரத்தத்துல இது ஏறும். வெள்ளை அணுவும் ஏறியிருக்கு. கல்லீரல் போனவங்களுக்கு இது இறங்கவே இல்லன்னா ரொம்ப நாள் தாங்க மாட்டாங்க. இப்பக் கத்தி வெச்சா மேசையிலயே போயிடுவார்."

"எங்கேர்ந்து ஏறுது?"

"நெஞ்சு, சிறுநீர், வயித்துத் தண்ணி எல்லாம் பாத்தாச்சு. எதுலயும் இல்ல. பல் ரிப்போர்ட்தான் பாக்கி."

"அது முடிஞ்சுதே! பல்லெல்லாம் தேக்கு மரம்னு சொன்னாங்களாமே? அப்பாதான் சொன்னாரு."

"அவர் பல் டாக்டர்கிட்டப் போகவே இல்லம்மா."

ஹாரனுக்குக் காதோரம் சூடேறியது. தடதடவென்று படியேறி வார்டுக்குள் நுழைந்தாள். அப்பா பாலை இடது கன்னத்தோடு மட்டும் உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"வாயத் தொற."

அப்பா உதட்டை இறுக்கிக்கொண்டார். அவள் அவர் கையில் நறுக்கென்று கிள்ளினாள். "ஆ!" என்று திறந்த வாயில், வலது கடைவாய்ப் பல்லடியில் சீழ் பழுத்திருந்தது. நாற்றம் குப்பென்று அடித்தது.

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். "நீங்க உங்க குளுக்கோஸப் பாருங்க!" என்று அவர் மேல் பாய்ந்தாள் ஹாரன்.

"புண்ணு இருந்தா ஆபரேஷன் இல்லன்னு நர்ஸு சொல்லிச்சு," அப்பா முனகினார். "அதான் மறைச்சேன். உன் வயித்தக் கிழிச்சு நான் பொழைக்கணுமாடி?"

"குடுக்கப்போறது யார் கல்லீரல்? என்னுதா, உன்னுதா? தெனமும் லேப் வாசல்ல போய், இறங்குச்சா இறங்குச்சான்னு பிச்சக்காரி மாதிரி நின்னேன். நீ இங்க சீழுக்குப் பால் ஊத்தி வளத்துக்கிட்டு இருந்தியா? நான் குடுக்கறது வேணாம்னா மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கணும். திருட்டுத்தனமா சாகக் கிளம்பிட்ட!"

கத்தியதில் அவள் குரல் உடைந்துவிட்டது. வந்த அழுகையை நினைத்து இன்னும் கோபம் வந்தது. சக்கர நாற்காலியை இழுத்துவந்து கட்டிலில் மோதினாள்.

"ஏறு."

அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். ஏறிக்கொண்டார்.

ரத்தம் நிற்க மருந்து ஏற்றிவிட்டுப் பல்லைப் பிடுங்கினார்கள். சில நாளில் சி.ஆர்.பி. இறங்கத் தொடங்கியது. டாக்டரம்மா நாள் குறித்த அன்று, அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு கேட்டார்:

"உனக்கு ரொம்ப வலிக்குமாடி?"

"வலிக்கும். வலிக்கட்டும். எந்திரிச்சு வந்து உன்ன ஒரு கை பாக்குறேன்."