காருக்குள் ஓடிய கடிகாரம்

என் சித்தப்பா கடிகாரம் பழுதுபார்ப்பவர். ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பெரிய பொருள், அவரைவிட வயதில் மூத்த ஒரு பச்சை நிறக் கார். அதன் டேஷ்போர்டில் ஒரு வட்டக் கடிகாரம். வாங்கிய நாளிலிருந்து நாலே காலிலேயே நின்றிருந்தது. ஊரார் கடிகாரங்களையெல்லாம் ஓட வைப்பவர் இதை மட்டும் அப்படியே விட்டுவைத்திருந்ததைச் சொல்லிக் கேலி செய்வதில் சித்திக்குத் தனி மகிழ்ச்சி.

நான் பல நாடுகள் சுற்றிவிட்டு அவர்கள் வீட்டில் வந்து இறங்கியபோது, சித்தி காரில் ஏறுவதையே நிறுத்தியிருந்தார்.

"ஏறினாலே தலை வலிக்குது, குமட்டுது. நான் பஸ்ல போய்க்கிறேன். நீங்க உங்க சின்ன வீட்டோட சுத்துங்க."

அதற்கு முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் அந்தக் காரில் ஏரிக்கரை வரை போய்வருவார்கள். பக்கத்து இருக்கையைக் காலியாக வைத்து ஓட்ட சித்தப்பாவுக்கு மனசு வரவில்லை. கார் வாசலிலேயே நின்றது.

"கடிகாரம் ஓட ஆரம்பிச்ச நேரம் பாத்து இவ வரமாட்டேங்குறா," என்றார் என்னிடம்.

"ஓடுதா?"

"ஒரு மாசமா டிக் டிக்னு கேக்குதும்மா. முள்ளுதான் எங்கயோ சிக்கியிருக்கு."

நான் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். டிக் டிக். சும்மா ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்த்தேன். டிக்டிக்டிக் என்று ஓட்டமாக ஓடியது.

"சித்தப்பா, மிதிச்சா நேரம் வேகமா போகுமா?"

"போகும்," என்றார் வாசலில் நின்ற சித்தி. "இவர் ஓட்டினா எனக்கு வயசு அப்படித்தான் ஏறுது."

சித்தப்பா திருகுகளைக் கழற்றிக் கடிகாரத்தை வெளியே எடுத்தார். அது அவர் உள்ளங்கையில் மூச்சுக் காட்டாமல் கிடந்தது. டிக் டிக் மட்டும் நிற்கவில்லை. கையையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். இன்ஜின் சூடானதும் அந்தச் சத்தமும் அடங்கிப்போனது.

மறுநாள் காலை, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே பானெட்டைத் திறந்தோம். தோட்டத்து ரப்பர் குழாயில் ஒரு துண்டை வெட்டி, ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டார். மறுமுனையை ஒவ்வொரு இடமாகக் கொண்டுபோனார். நான் வண்டியைக் கிளப்பினேன். புகைக்குழாய் இன்ஜினோடு சேரும் இடத்தில், எறும்பு கடித்தவர் போலத் தலையை வெடுக்கென்று இழுத்தார்.

"நிறுத்து."

கடையில் போட்டுக்கொள்ளும் பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகி டார்ச் அடித்தார். இணைப்பின் ஓரத்தில் மயிரிழையாகக் கரிக்கோடு. நடுவில் இடைவெளியை அடைத்திருந்த கேஸ்கட் எரிந்து, அந்த இடுக்கு வழியாகப் புகை டிக் டிக் என்று கசிந்திருக்கிறது. அதற்கு நேர் பின்னால், ஒயர் போகும் ஓட்டையில் ரப்பர் அடைப்பைக் காணோம். ஓட்டை எங்கே திறக்கிறது என்று பார்க்க ஒரு குச்சியை விட்டுவிட்டுக் காருக்குள் எட்டிப் பார்த்தேன். சித்தி கால் வைக்கும் இடம்.

சித்தப்பா அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடிகாரம்னு நெனச்சு சந்தோஷமா கேட்டுட்டு இருந்திருக்கேன்."

புது கேஸ்கட்டும் அடைப்பும் போட்டார். டிக் டிக் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை சித்தி ஏறினார். கண்ணாடியை முழுக்க இறக்கி, முகத்தைக் காற்றில் நீட்டியபடி வந்தார். பின்னால் இருந்து நான் அவர் கையையே கவனித்தேன். பெட்ரோல் பங்க் தாண்டியதும் மூக்கை இரண்டு முறை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, கண்ணாடியை மெல்ல ஏற்றிவிட்டார்.

"மணி என்ன ஆச்சுங்க?"

கையில் கட்டியிருந்த வாட்ச்சை விட்டுவிட்டு, சித்தப்பா டேஷ்போர்டைப் பார்த்தார். அங்கே வட்டமாக ஒரு பொந்து மட்டும் இருந்தது.

"நாலே கால்," என்றார்.