எஸ்தர் அக்காவின் இரையாத பெட்டி

செய்தி வந்தபோது, எஸ்தர் அக்கா செய்த பெட்டிகளுக்குத்தான் சென்னைக் கடைக்காரர் ஒருவரிடம் போனில் விலை பேசிக்கொண்டிருந்தேன். நடுவில் டேனியல் அழைத்தான். "அண்ணா, அக்கா பூட்டாங்கண்ணா. காலையில நெஞ்சு வலின்னாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..." அதன்பின் கடையில் இருப்புக்கொள்ளவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கினேன், மறுபடி ஏற்றினேன்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பட்டு நூல் முறுக்கும் மிஷின்களின் மோட்டார் எரிந்துபோனால் செம்புக் கம்பியால் புதுக் காயில் சுற்றிக் கொடுப்பவர் அவர். பஸ் ஸ்டாண்டில் இயர்போன் விற்றுத் தொடங்கி, இன்று கிட்டார், மைக், ஸ்பீக்கர் விற்பவன் நான். எங்களைச் சேர்த்துவைத்தது டேனியலின் இரைச்சல்.

அவன் சர்ச்சில் கிட்டார் வாசிப்பவன். காலடியில் ஒரு பலகை; அதில் ஒலியை மாற்றும் ஐந்து பெடல்கள்; ஐந்துக்கும் ஒரே அடாப்டர். வாசிப்பை நிறுத்தினாலும் ஸ்பீக்கர் முனகிக்கொண்டே இருந்தது. அக்காவிடம் அழைத்துப் போனேன். "ஒரே குழாயில அஞ்சு வீடு கொடம் வெச்சா சண்டை வராம இன்னா வரும்?" என்றவர், ஒவ்வொரு பெடலுக்கும் தனிச்சுற்று வைத்து ஒரு பவர் பெட்டி செய்தார்.

மாட்டியதும் ஒரு பெடல் புகைந்தது. நமக்குப் பழகிய அடாப்டர்களில் நடு ஊசி ப்ளஸ், பெடல்களில் மைனஸ்; அக்கா பழக்கத்தில் ப்ளஸ் கொடுத்துவிட்டார்.

"பெடல் மேலயே படம் போட்டிருக்குதேக்கா!" என்றான் டேனியல்.

"கண்ணாடி வாங்கித் தராத முதலாளிய கேளுப்பா," என்று என்னைக் காட்டினார். நான் அவருக்கு முதலாளியே அல்ல. என்னைச் சீண்ட அவர் வைத்த பெயர் அது. அன்றைக்கே பெடலையும் பெட்டியையும் சரிசெய்து கொடுத்தார்.

பிறகு என் கடை வழியாகப் பெட்டிகள் வெளியூர் போகத் தொடங்கின. ஆனால் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. தெருவில் நூல் முறுக்கும் மோட்டார்கள் எல்லாம் ஓடும்போதுதான் பெட்டியைச் சோதிப்பார். பெடல்களையும் கிட்டாரையும் மாட்டி, ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைத்து, கிட்டார் கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு, இரைகிறதா என்று காதைக் கொடுப்பார். "இந்தத் தெரு கரண்ட்டுல வாய மூடிக்கினு இருந்துச்சுன்னா எங்க போனாலும் மூடிக்கினு இருக்கும்." மோட்டார் ஓடாத நாளில் பெட்டி நகராது.

"பார்சல் வண்டி போயிடும்க்கா!"

"போவட்டும். வண்டி நாளைக்கும் வரும். பேரு போனா வராது, முதலாளி."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும், அந்தப் பெட்டிகளில் ஒன்றுகூட என் கடைக்குத் திரும்பி வந்ததில்லை.

கடைசிப் பெட்டி டேனியலின் புதிய பலகைக்கானது. அவர் போவதற்கு முதல் நாள் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தியிருந்தார்கள். கரண்ட் வந்தபோது நூல் முறுக்குபவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதனால் அக்கா அதைச் சோதித்துக் கேட்காமலே மேசைமேல் வைத்திருந்தார். அவருடைய நினைவு ஜெபத்தில் அதிலேயே வாசிக்கப்போவதாக டேனியல் சொன்னான்.

"அவங்க கேட்டுப் பாக்கலப்பா. அத்தனை பேர் முன்னாடி இரைஞ்சா, அவங்க பேரு இன்னா ஆவறது?"

"நீங்க கேட்டுப் பாருங்கண்ணா."

"என் காத நம்பி அவங்க ஒரு பெட்டியும் அனுப்புனதில்ல."

"அப்ப ஊரே கேக்கட்டும்ணா."

நினைவு ஜெபத்தன்று ஷாமியானாவுக்கு வெளியே, தூரத்தில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கம்பத்துக்குக் கம்பம் மின்விசிறி; பெட்டிக்கு வரும் அதே கரண்ட்டில் அத்தனை மோட்டார். பாட்டு முடியும்வரை என்னால் உட்கார முடியவில்லை. நாற்காலிகளுக்கிடையில் நகர்ந்து நகர்ந்து ஸ்பீக்கர் பக்கம் போய் நின்றேன். பாஸ்டர், "ஜெபிப்போம்," என்றார். எல்லோரும் தலை குனிந்தார்கள். டேனியல் சத்தத்தைக் குறைக்கவில்லை. அக்காவைப் போலவே உள்ளங்கையால் கம்பிகளை அமுக்கினான்.

முன் வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சியது கேட்டது. ஸ்பீக்கரிலிருந்து ஒன்றுமே வரவில்லை.

அக்கா, மோட்டார் ஓடும்போதே கேட்டுவிட்டோம். இரையவில்லை. போய் வாருங்கள்.